பதினான்கு கணக்குகள், பன்னிரண்டு வரிகள்: இருப்பாய்வில் விடுபட்ட கணக்கைக் கண்டுபிடிக்கும் வழி

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் நான் கணக்கு எழுதச் சேர்ந்த முதல் பருவம் அது. ஜூன் மாதக் கடைசி நாள். பெங்களூரா மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதக் கணக்கை முடித்து, எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று இருபக்கமாகப் பட்டியலிடும் இருப்பாய்வு போட்டேன். பற்றுப் பக்கம் 17,71,500 ரூபாய், வரவுப் பக்கம் 17,61,500 ரூபாய். இரண்டும் ஒன்றாக வந்திருக்க வேண்டும், பத்தாயிரம் உதைத்தது.

அந்தப் பத்தாயிரத்தை இரண்டு இரவுகள் தேடினேன். எடைச் சீட்டு, கூலிச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, 10,000 என்ற தொகை வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். வட்டமிட்ட எல்லாமே சரியாக இருந்தன. மூன்றாம் நாள் காலையில் மண்டியின் பழைய கணக்கர் வந்தார். என் கூட்டலை அவர் பார்க்கவே இல்லை. "பேரேட்டில் மொத்தம் எத்தனை கணக்கு, தம்பி?" என்று கேட்டார். பேரேடு என்பது ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கும் புத்தகம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதை எண்ணிவிட்டு வா, ரூபாயைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

எண்ணினேன். கணக்குகள் பதினான்கு, என் இருப்பாய்வில் வரிகள் பன்னிரண்டு. விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் ஒரு தனி நோட்டில் இருந்தது, 60,000 ரூபாய். கைமாற்றாக வாங்கிய கடன் பேரேட்டின் கடைசித் தாளில் இருந்தது. அந்தத் தாளும் அதற்கு முந்தைய தாளும் மாங்காய்ப் பால் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நகத்தை விட்டு மெல்லப் பிரித்தபோது, பழுப்புக் கறைக்கு நடுவே 70,000 என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

முன்பணம் பற்று, கைமாற்று வரவு. எழுபதில் அறுபது போனால் பத்து. நான் தேடிய பத்தாயிரம் எந்தச் சீட்டிலும் இருக்க வாய்ப்பே இல்லை. விடுபட்ட இரண்டு தொகைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டது போக நின்ற மிச்சம் அது. அன்றிலிருந்து எந்த இருப்பாய்வையும் ரூபாயிலிருந்து நான் தொடங்குவதில்லை. கணக்குகளை எண்ணிவிட்டுத்தான் ரூபாய்க்குப் போகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லூரி முடித்து மண்டிகளிலும் கடைகளிலும் கணக்கு எழுத வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

பற்றும் வரவும்

இருப்பாய்வு என்பது பேரேட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஒரே தாளில் இறக்கி வைத்த பட்டியல். பற்று இருப்புகள் ஒரு பத்தி, வரவு இருப்புகள் ஒரு பத்தி. ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் ஏறுவதால் இரண்டு பத்திகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். கடைகளில் இதை டிரயல் பேலன்ஸ் என்றே சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பாய்வு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் 'வரவு' என்ற சொல். பேச்சில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். பேரேட்டிலோ, ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் அதைப் பற்றில் எழுதுகிறோம். குழம்ப வேண்டாம். ஒருவர் நம்மிடம் பணமோ பொருளோ பெற்றுக்கொண்டால் 'அவர் பற்று' என்று ஊரில் சொல்வது உண்டு அல்லவா? கல்லாப் பெட்டியையும் அப்படி ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பெற்றது, பெட்டிக்குப் பற்று. பெட்டி கொடுத்தது, பெட்டிக்கு வரவு. இது மனத்தில் உட்கார்ந்துவிட்டால், விடுபட்ட கணக்கு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதில் கை தடுமாறாது.

முதல் வேலை: தலை எண்ணுவது

பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் அட்டவணை இருக்கும். இல்லையென்றால் இன்றே போடுங்கள். ஒவ்வொரு கணக்கின் பெயரும், பேரேட்டுப் பக்க எண்ணும், அது பற்று இருப்பா வரவு இருப்பா என்பதும் அதில் இருக்க வேண்டும். இருப்பு தீர்ந்துபோன கணக்கையும் எழுதி, எதிரில் 'தீர்ந்தது' என்று குறியுங்கள். தீர்ந்த கணக்கு விடுபட்டால் கூட்டலில் ஒன்றும் மாறாது. ஆனால் அது உண்மையிலேயே தீர்ந்ததா, பார்க்காமல் விட்டதா என்பது ஒரு மாதம் கழித்து நினைவிருக்காது.

அட்டவணையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பருவத்தின் நடுவில் அவசரமாகத் தொடங்கிய கணக்குகள் அதில் ஏறியிருக்காது. பேரேட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒருமுறை புரட்டி, தலைப்பு இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அட்டவணையோடு ஒத்துப்பாருங்கள். மொத்தத்தை ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டு இருப்பாய்வுக்கு வாருங்கள். இருப்பாய்விலும் ஒவ்வொரு வரிக்கும் பேரேட்டுப் பக்க எண் போடுங்கள். பக்க எண் இல்லாத இருப்பாய்வைச் சரிபார்ப்பது இருட்டில் ஊசி தேடுவதற்குச் சமம்.

அந்த மண்டியின் கணக்குகளின் அமைப்பையே மாதிரியாக வைத்துக்கொள்வோம்.

பற்று இருப்புகள்:
ரொக்கம் 24,500
வங்கி 1,86,000
கொள்முதல் 9,40,000
ஏற்றுகூலி, இறக்குகூலி 68,000
வண்டி வாடகை 92,000
மண்டி வாடகை 36,000
தராசும் பிளாஸ்டிக் பெட்டிகளும் 75,000
கூழ் ஆலைகளிடமிருந்து வர வேண்டியது 3,10,000
விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் 60,000
உரிமையாளர் எடுப்புகள் 40,000
கூட்டுத்தொகை 18,31,500

வரவு இருப்புகள்:
முதல் (உரிமையாளர் போட்ட பணம்) 4,00,000
விற்பனை 12,16,000
விவசாயிகளுக்குத் தர வேண்டியது 1,45,500
கைமாற்றுக் கடன் 70,000
கூட்டுத்தொகை 18,31,500

பத்தும் நான்கும் பதினான்கு. இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரே ஒரு கணக்கு விடுபட்டால்

இது எளிது. மண்டி வாடகைக் கணக்கு விடுபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பற்றுப் பக்கம் 17,95,500 ஆகும், வரவுப் பக்கம் 18,31,500 ஆகவே இருக்கும். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கத்துக் கணக்குதான் விடுபட்டது. எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்தக் கணக்கின் இருப்பு. குறைந்தது பற்றுப் பக்கம், தொகை 36,000. பேரேட்டில் 36,000 பற்று இருப்புள்ள கணக்கைத் தேடினால் மண்டி வாடகை கிடைத்துவிடும்.

ஆனால் இதே 36,000 வேறு காரணத்தாலும் வரலாம். 18,000 ரூபாய் பற்று இருப்புள்ள ஒரு கணக்கைத் தவறுதலாக வரவுப் பத்தியில் எழுதியிருந்தாலும் 36,000 உதைக்கும். ஏனென்றால் ஒரு பக்கம் 18,000 குறைகிறது, மறுபக்கம் 18,000 கூடுகிறது. பக்கம் மாறிய தொகை வித்தியாசத்தில் இரட்டிப்பாகத் தெரியும். 36,000 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது என்பதையும் கவனியுங்கள். 73,000 என்பதை 37,000 என்று இலக்கம் மாற்றி எழுதினாலும் இதே 36,000 வரும். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறிய பிழை என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டுகிறார்கள். அது ஒரு சந்தேகம்தான், சாட்சி அல்ல. வரிகளின் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்தால் ஒரே நிமிடத்தில் வழி பிரிந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் கணக்கு விடுபட்டிருக்கிறது. எண்ணிக்கை சரியென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இலக்கங்களைப் பாருங்கள்.

இரண்டு கணக்குகள் விடுபட்டால்

இங்கேதான் நான் இரண்டு இரவுகளை இழந்தேன். விடுபட்ட இரண்டும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை என்றால் வித்தியாசம் இரண்டின் கூட்டல். கூலியும் வண்டி வாடகையும் விடுபட்டால் 1,60,000 குறையும். அப்படி ஓர் இருப்பு பேரேட்டில் எங்கும் இருக்காது. எதிரெதிர்ப் பக்கம் என்றால் வித்தியாசம் இரண்டின் கழித்தல். முன்பணமும் கைமாற்றும் விடுபட்டபோது வெறும் பத்தாயிரம் காட்டியது அதனால்தான்.

சிறிய வித்தியாசம் என்றால் சிறிய பிழை என்று நினைப்பது இந்த வேலையில் மிக ஆபத்தான பழக்கம். பத்தாயிரம் காட்டிய அந்தத் தாளில் உண்மையில் காணாமல் போயிருந்தது 1,30,000 ரூபாய்க்கான இருப்பு. அந்தக் கைமாற்றும் 60,000 ரூபாயாக இருந்திருந்தால் இருபுறமும் 17,61,500 என்று நேராகியிருக்கும். தர வேண்டிய கடனும் வர வேண்டிய முன்பணமும் தாளிலேயே இல்லாமல், எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இருபக்கமும் நேரான தாளிலும் வரிகளை எண்ணச் சொல்வது இதற்காகத்தான்.

கணக்குகள் ஒளிந்துகொள்ளும் இடங்கள்

இத்தனை ஆண்டுகளில் விடுபட்ட கணக்குகளைப் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் கண்டெடுத்திருக்கிறேன்.

முதலிடம் ரொக்கத்துக்கும் வங்கிக்கும். ரொக்க ஏடு, நடவடிக்கைகளை முதலில் பதியும் குறிப்பேட்டின் வேலையையும் பேரேட்டின் வேலையையும் சேர்த்தே செய்வதால் ரொக்கத்துக்குப் பேரேட்டில் தனிப் பக்கம் இருக்காது. பேரேட்டை மட்டும் புரட்டி இருப்பாய்வு போடுகிறவர் இவை இரண்டையும் விட்டுவிடுவார். மாதிரித் தாளில் அப்படி விட்டால் 2,10,500 குறையும். ரொக்க ஏட்டில் தள்ளுபடிப் பத்தி வைத்திருந்தால் அதன் கூட்டுத்தொகையைத் தள்ளுபடிக் கணக்குக்கு எடுத்தெழுதினீர்களா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். 'விவசாயிகளுக்குத் தர வேண்டியது 1,45,500' என்று ஒரே வரியாகப் போட்டாலும் அதற்குப் பின்னால் நாற்பது பெயர்கள் இருக்கலாம். மாது, மாதையன், முனியப்பன் என்ற பெயர்கள் இந்தப் பக்கத்தில் ஊருக்குப் பல. காவேரிப்பட்டணத்து மாதையனை எழுதியவர், சந்தூர் மாதையனிடம் வரும்போது 'எழுதியாயிற்றே' என்று தாண்டிவிடுவார். இருப்பாய்வின் வரிகளை எண்ணினால் இந்தப் பிழை சிக்காது. பட்டியலுக்குள்ளும் தலை எண்ண வேண்டும். பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதுவதை இன்றே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நம்மை நம்பிக் காயைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் ஒரு விவசாயியின் பெயர் நம் தாளில் இல்லாமல் போவது கூட்டல் பிழை மட்டும் அல்ல. அவருடைய உழைப்புக்கு நம்மிடம் பதிவே இல்லை என்று ஆகிவிடும்.

பணம் கைமாறாத கணக்குகளும் எளிதில் நழுவும். கமிஷன் மண்டிகளில் கமிஷனை விவசாயியின் சீட்டிலேயே கழித்துக்கொள்வதால் பெட்டியில் எதுவும் நடப்பதில்லை. அதனால் கமிஷன் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. பர்கூர் ஜவுளிக்கடை ஒன்றில் நான் கணக்குப் பார்த்தபோது கொள்முதல் திருப்பம் இப்படித்தான் விடுபட்டிருந்தது. திருப்பி அனுப்பிய சேலைக் கட்டுகளுக்குப் பணம் வரவில்லை, பில்லில் கழிவுதான் கிடைத்தது.

ஏப்ரல் மாதத்தில் இன்னொன்று. மார்ச் 31 அன்று பழைய பேரேட்டை மூடி, ஏப்ரல் 1 அன்று புதியதைத் தொடங்கும்போது, ஆண்டு முழுவதும் அசையாமல் இருந்த கணக்குகள் பழைய புத்தகத்திலேயே தங்கிவிடும். தராசு, மேசை, நாற்காலி, கட்டடத்துக்குக் கொடுத்த முன்வைப்புத் தொகை போன்றவை. புதிய பேரேட்டின் தொடக்க இருப்புகளை, சொத்துகளையும் கடன்களையும் காட்டும் சென்ற ஆண்டின் இருப்புநிலைக் குறிப்போடு வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இறுதிச் சரக்கிருப்பைப் புதியவர்கள் ஆர்வத்தில் இருப்பாய்வில் சேர்த்துவிடுகிறார்கள். வழக்கமான முறையில் அது பேரேட்டில் கணக்காக இருப்பதில்லை. எண்ணி, மதிப்பிட்டு, இறுதிக் கணக்குகளில் கொண்டுவருவது. சேர்த்தால் அந்தத் தொகை அப்படியே உதைக்கும். கிடங்கில் புளி வைத்திருக்கும் வியாபாரிகளின் கணக்கில் இது கவனிக்க வேண்டிய ஒன்று. மாங்காயில் அந்தத் தொல்லை குறைவு, காய் தங்காது.

கிடைக்காவிட்டால்

எண்ணியும் கிடைக்கவில்லை, இறுதிக் கணக்கை முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் வித்தியாசத்தை, காரணம் தெரியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அனாமத்துக் கணக்கில் வைக்கலாம். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். மண்டி வாடகை விடுபட்டிருந்தால் அனாமத்து பற்று 36,000. பிறகு வாடகைக் கணக்கு கிடைத்ததும் வாடகைக்குப் பற்று, அனாமத்துக்கு வரவு என்று எழுதினால் அனாமத்து தீர்ந்துவிடும்.

இந்த இடைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம் மாதிரியில் விற்பனை 12,16,000. கொள்முதல், கூலி, வண்டி வாடகை, மண்டி வாடகை நான்கும் சேர்ந்து 11,36,000. சரக்கு மிச்சமில்லை என்று வைத்துக்கொண்டால் லாபம் 80,000. வாடகை அனாமத்தில் ஒளிந்திருந்தால் லாபம் 1,16,000 என்று காட்டும், 36,000 ரூபாய் அனாமத்து ஒரு சொத்தைப் போல இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். உரிமையாளர் அந்த லாபத்தை நம்பி அடுத்த பருவத்துக்குத் தோப்புக் குத்தகை பேசிவிடலாம். ஆகவே அனாமத்து வைத்தால் அதை உரிமையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விடுபட்டது முன்பணம் போன்ற சொத்துக் கணக்கு என்றால் லாபம் மாறாது. ஆனால் யாரிடம் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்பது மறைந்துவிடும்.

இருப்பாய்வு காட்டாத விடுபாடு

இதுவரை சொன்னது, பேரேட்டில் இருக்கும் கணக்கு இருப்பாய்வுக்கு வராமல் போவது. நடவடிக்கையே ஏடுகளில் ஏறாமல் போவது வேறு. பாடப்புத்தகம் இதை முழு விடு பிழை என்கிறது. 5,000 ரூபாய் வண்டி வாடகை பில் ஓட்டுநரின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகையிலும் ஏறவில்லை, வண்டிக்காரர் கணக்கிலும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் சமமாகக் குறைவதால் இருப்பாய்வு நேராகவே இருக்கும், லாபம் மட்டும் 5,000 கூடுதலாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால் அது பகுதி விடு பிழை. அதை இருப்பாய்வு காட்டிக்கொடுக்கும்.

முழு விடு பிழையைப் பிடிக்கப் பேரேட்டுக்கு வெளியே போக வேண்டும். எடைச் சீட்டுகளை வரிசை எண்ணில் அடுக்கி, நடுவில் எந்த எண் இல்லை என்று பாருங்கள். லோடு போன நாள்களையும் வண்டி வாடகை எழுதிய நாள்களையும் ஒத்துப்பாருங்கள். காய் போயிருக்கிறது, வாடகை இல்லை என்றால் கேளுங்கள். ஆலைகளிடமிருந்து அவர்கள் புத்தகத்தில் உள்ள நம் கணக்கின் நகலை வாங்கி வரிக்கு வரி பாருங்கள். வங்கி அறிக்கையும் அப்படியே.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு

டேலி போன்ற மென்பொருளில் பற்றும் வரவும் சமமாகாமல் ஒரு பதிவு உள்ளே போகாது. பேரேட்டுக் கணக்கு இருப்பாய்விலிருந்து தானாக விடுபடவும் செய்யாது. அதனால் இந்த வேலையே தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்க இருப்புகளை நாம்தான் கையால் ஏற்றுகிறோம். ஏதாவது ஒரு கணக்கின் தொடக்க இருப்பை ஏற்றாமல் விட்டால், தொடக்க இருப்புகளில் வேறுபாடு என்று மென்பொருளே ஒரு வரியைக் காட்டும். அந்த வரி மறைய வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு கணக்கில் அந்தத் தொகையைத் திணிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரி காட்டுவதும் மேலே பார்த்த அதே வித்தியாசம்தான், அதே முறையில்தான் தேட வேண்டும். சென்ற ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டு தலை எண்ணுங்கள்.

கை பழக ஒரு கணக்கு தருகிறேன். மேலே உள்ள பதினான்கு கணக்குகளில் பற்றில் ஒன்றும் வரவில் ஒன்றுமாக இரண்டு விடுபட்டுவிட்டன. வரவுப் பக்கம் 30,000 ரூபாய் குறைகிறது. விடுபட்டவை எவை? ஒரே ஒரு ஜோடிதான் பொருந்தும். வரவுக் கணக்குகள் நான்கே நான்கு என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் 30,000 கழித்து, அந்தத் தொகை பற்றுப் பத்தியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.